ஹெல்மெட் சார் தலையைக் காட்டிய நாள்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் அவனவன் தன் தலை தப்பினால் போதும் என்று பிழைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவர் தலைக்கெல்லாம் சேர்த்துக் கவலைப்பட்டவர் எங்கள் ஹெல்மெட் சார் ஒருவர்தான்.

நான் ஒரு நூல் மில்லில் ஆட்களின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க். அவர் அங்கே சேஃப்டி ஆபீஸர். சட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று, இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்காக முதலாளி வைத்திருந்தார். மனிதர் அந்த வேலையை நிஜமென்றே நம்பிவிட்டார்! கட்டட வேலைக்கு வாங்கிய மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைத் தலையில் கவிழ்த்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில்கூடக் கழற்றமாட்டார். ஆண்டாள் தேரோட்டத்துக்கும் அதோடுதான் வந்தார். சூறைத்தேங்காய் சிதறுமாம். தேர் பார்க்க வந்தவர்கள் இவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் ஒரு மேஸ்திரி. வேலையில் கை கொஞ்சம் தாமதித்தால் போதும், காலி பாபின் கட்டையை எடுத்து ஆள்மேல் எறிவான். ஒருநாள் சுந்தரபாண்டியத்து மாரியம்மாளுக்கு நெற்றி புடைத்துவிட்டது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஆனாலும், "நாளைலருந்து வரல சார்," என்று என் முன்னால் வந்து நின்றாள். நான் ஹெல்மெட் சாரிடம் போய்ச் சொன்னேன்.

ஹெல்மெட் நேரே முதலாளியிடம் போனார். மெஷினுக்குக் கம்பி வலை போட்டதுபோல மேஸ்திரி கைக்கும் ஒரு தடுப்புப் போடுவது உங்கள் கடமை என்றார். மில் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று முதலாளி சிரித்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவர், ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளும்படி மாரியம்மாளிடம் கெஞ்சினார்.

அந்த வாரமே வெளியூர் நூல் வியாபாரிகளுக்கு மில்லைச் சுற்றிக்காட்ட முதலாளி வந்தார். வைண்டிங் வாசலில் ஒரு கூடை நிறைய மஞ்சள் ஹெல்மெட்டோடு நம்மாள் நின்றார். என்ன ஏது என்று கேட்பதற்குள் முதலாளி தலையிலும் ஒன்று ஏறிவிட்டது.

"இங்க மேலருந்து என்ன விழப்போகுது?" என்றார் ஒரு வியாபாரி.

"மேலருந்து ஒண்ணும் விழாதுய்யா. எங்க மேஸ்திரி எறிவாரு. உள்ள வந்தவிய தலைக்கு மொதலாளிதான பொறுப்பு?"

வியாபாரிகள் ஆளுக்கொரு தடவை ஹெல்மெட்டை அழுத்திவிட்டுக்கொண்டார்கள். சாயங்காலமே மேஸ்திரியைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே எறிவதற்குப் பஞ்சு மட்டும்தான் இருந்தது. இனி யார் கை ஓங்கினாலும் வேலை போய்விடும் என்று முதலாளியே ஷெட்டில் வந்து சொன்னார்.

மறுநாள் ஹெல்மெட் வெறுந்தலையோடு வந்தார். உடம்புக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இனி எதுக்குலே? வேர்க்குது," என்றார்.

மாரியம்மாள் மெஷினைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. பளபளவென்றிருந்த அந்த வழுக்கையை எனக்கு அன்றைக்கு அவ்வளவு பிடித்துப்போனது.