சர்க்குலர் நிறுத்தப் பார்த்த கல்யாணம்

ஆவடி சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணத்தை நிறுத்த அடியாள் வேண்டாம், பழைய காதலன் வேண்டாம், மாமியார்கூட வேண்டாம். சர்க்குலர் ஒருத்தர் போதும். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு டப்பா குண்டூசி. அவ்வளவுதான் ஆயுதம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் குறைத்துச் சொல்வார்கள். நான் நாலாங் கிளாஸ். பந்தல்காரரிடம் மூங்கில் தூக்க ஆரம்பித்தவன். இன்றைக்கு வெள்ளானூர் போகிற ரோட்டில் என் பேரில் மண்டபம் நிற்கிறது. இந்தப் பக்கம் எத்தனையோ மண்டபத்தில் கரண்ட் போய் செல்போன் வெளிச்சத்தில் தாலி கட்டியிருக்கிறார்கள். என் மண்டபத்தில் அந்தக் கதை கிடையாது.

சர்க்குலருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. ராணுவ ஃபேக்டரியில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். மேலிடத்திலிருந்து வருகிற சர்க்குலரை நோட்டீஸ் போர்டில் குத்துவதுதான் அவர் வேலை. அங்கே காகிதம் போர்டில் ஏறின நிமிஷமே உத்தரவு அமல். அதற்கப்புறம் எந்தத் தொழிலாளியும் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காலம் முழுக்க அப்படியே வாழ்ந்த மனுஷன், ரிடையர் ஆனதும் போர்டு இல்லாமல் தவித்துப்போனார். நேராக வந்து என் மண்டபத்து வாசல் போர்டைப் பிடித்துக்கொண்டார். மணமக்கள் பேர் போடுவதற்காக நான் வைத்த போர்டு அது. கேட்டதற்கு, கல்யாணம் பண்றவன் வந்து போகிற இடத்தில்தானே கல்யாணச் சட்டத்தை ஒட்ட வேண்டும் என்றார். சரி, ஒட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

பேப்பரில் கல்யாணச் சட்டம் பற்றி எது வந்தாலும் வெட்டிக் கொண்டுவந்து குத்திவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. ரிசப்ஷனில் பரிசு கொடுக்கிற வரிசையில் நின்று மேடை ஏறி, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு விசாரணை ஆரம்பிப்பார். பதிவு எப்போது, சாட்சி யார், வயசுக்கு என்ன ஆதாரம் என்று கேட்பார். பின்னால் வரிசை வாசல்வரை நீளும். ஒரு ஜோடியின் ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு இவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், மாப்பிள்ளை லாக்கப்பில் முழிக்கிற மாதிரி முழிக்கிறான்.

விரட்டவும் முடியவில்லை, ஏனென்றால் ஒரு தடவை அவர் சொன்னது பலித்துவிட்டது. திருநின்றவூரில் சொந்தமாக வீடு கட்டிக் குடியேறிய ஒரு ஐ.டி. பையன், கல்யாணம் பண்ணினது தஞ்சாவூர்ப் பக்கம். பதிவு பண்ண அங்கேதான் போக வேண்டும், லீவு கிடைக்கவில்லை என்று புலம்பினான். அதெல்லாம் மாற்றிவிட்டார்கள், நிரந்தரமாகக் குடியிருக்கிற ஊரிலேயே பதியலாம் என்று சர்க்குலர் போர்டைக் காட்டினார். பையன் போய் விசாரித்தான், நடந்தது, ஸ்வீட் டப்பாவோடு வந்தான். அன்றிலிருந்து நாலு தெருவுக்கும் சர்க்குலர் சொன்னதுதான் தீர்ப்பு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளைச் சொல்ல வேண்டும். ட்ரோன் பறக்கவிட ஆள் தேடத் தெரிகிறது, மேடையில் புகை விடத் தெரிகிறது. தொண்ணூறு நாளுக்குள் பதிவு பண்ண வேண்டுமே என்று கேட்டால், "மண்டப ரசீது இருக்கே சார்" என்கிறார்கள். என் ரசீது ஹாலுக்கும் சாம்பார் வாளிக்கும். உங்கள் தாம்பத்தியத்துக்கு நான் கேரண்டி கொடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பவித்ரா கல்யாணம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் நாகராஜின் மகள். நாகராஜ் என்னோடு மூங்கில் தூக்கினவன். மாப்பிள்ளை சரவணன் விருதுநகர்ப் பக்கம், சாஃப்ட்வேர் வேலை, நசரத்பேட்டையில் ஃப்ளாட். இரண்டு பேரும் தாங்களாகவே விரும்பி, வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் எல்லாம். அரசாங்க உத்தியோகம். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியவர், ஒரு சாக்கு கிடைத்தால் பிய்த்துக்கொண்டு போகக் காத்திருந்தார்.

சாக்கை சர்க்குலர் கொடுத்தார்.

சாயங்கால ரிசப்ஷன். வரிசையில் வந்தவர், பெண்ணிடம் வயசு கேட்டார். இருபது முடிந்துவிட்டது என்று பவித்ரா சிரித்துக்கொண்டே சொன்னாள். சர்க்குலர் சிரிக்கவில்லை. பாட்டுக்காரர் தண்ணீர் குடிக்கக் கீழே வைத்த மைக்கை எடுத்தார்.

"பொண்ணுக்கு இருபத்தொண்ணு முடியணும். சர்க்குலர் வந்து வாசல்ல ஒட்டியாச்சு. இந்தக் கல்யாணம் செல்லாது."

பெரியப்பா வாசலுக்கு ஓடினார். போர்டில் மஞ்சளேறிப்போன ஒரு துண்டுப் பேப்பர். பெண்ணுக்கும் கல்யாண வயசு இருபத்தொன்று என்று கொட்டை எழுத்து. திரும்பி வந்தவர் முகத்தில் பயம் பாதி, சந்தோஷம் பாதி. "ஏங்க, என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறீகளா? நாளைக்கே சஸ்பெண்ட் பண்ணிருவாங்க" என்று கத்திவிட்டு, சீர்த்தட்டையெல்லாம் வேனில் ஏற்றச் சொன்னார். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தவன்கூட எழுந்துவிட்டான். வாசல் தாண்டுவதற்குள் ஆளாளுக்குப் போனில் போலீஸ் கேஸ் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நாகராஜ் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சர்க்குலர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "யோவ், இன்னாய்யா இது? பொண்ணு வாழ்க்கையில குண்டூசி குத்திகினு கீற?"

அதற்குள் பவித்ரா மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள். "சார், இது சட்டமா ஆயிடுச்சா, இல்ல ஆக்கப்போறோம்னு சொன்னாங்களா?"

"பேப்பர்ல வந்துதும்மா. போர்டுல ஏறிட்டா அமல்தான்."

"போர்டுல ஏத்துனது நீங்கதான சார்?"

சர்க்குலர் வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

என் மண்டபத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஒரு வக்கீலம்மாவுக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் விட்டேன். அந்தம்மா தெளிவாகச் சொன்னார்கள். அது வெறும் மசோதா. பார்லிமெண்டில் வைத்தார்கள், கமிட்டிக்கு அனுப்பினார்கள், நிறைவேறுவதற்குள் அந்த லோக்சபா முடிந்து காலாவதி ஆகிவிட்டது. இன்றைக்கும் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்றுதான்.

என் வயிற்றெரிச்சல் இதுதான். மசோதா வருகிறபோது எட்டுப் பத்தியில் போடுகிறீர்கள். அது செத்துப்போனால் காரியப் பத்திரிகை அடிக்கிற அளவுக்காவது பெரிசாகப் போட வேண்டாமா? வாட்ஸ்அப்பில் அது இன்னும் உயிரோடு சுற்றுகிறது. கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைகளா, சட்டம் மாறிவிட்டது என்று எவன் சொன்னாலும், பாஸ் ஆச்சா, அமலுக்கு வந்துச்சா என்று கேளுங்கள். நாலாங் கிளாஸ் படித்தவனுக்கே இது புரிகிறது.

பெரியப்பா அசையவில்லை. சட்டம் சரிதான், மானம் போச்சே என்றார். "சொன்ன வாயே போயி இல்லைன்னு சொல்லட்டும். காலையில மண்டபம் நெறைஞ்சா தாலி. நெறையலைன்னா வேன் ஊருக்கு."

எல்லோரும் சர்க்குலரைப் பார்த்தார்கள். அவர் வாசலுக்குப் போய் அந்தத் துண்டைப் பிடுங்கினார். என்னிடம் வெள்ளைத்தாள் கேட்டார். எதற்கு என்றேன்.

"தப்பான சர்க்குலருக்கு ரத்து சர்க்குலர் போடணும். மொதல் சர்க்குலர் எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் அதுவும் போகணும். அதான் ரூல்."

சைக்கிளை எடுத்தவர்தான். அவர் பண்ணின கூத்தை வீட்டுக்கு வீடு பிறகு சொல்லித்தான் தெரியும். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிளாக் பிளாக்காகக் கீழே நின்று வாசித்திருக்கிறார். முன்பு அறிவித்தது இதனால் ரத்து செய்யப்படுகிறது, கல்யாணம் சட்டப்படி செல்லும், அனைவரும் தவறாமல் ஆஜராகவும். நசரத்பேட்டை ஃப்ளாட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேட்டில் நின்றே இன்டர்காமில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுப் படித்திருக்கிறார். சீரியலைப் பாதியில் விட்டு வந்து கேட்ட ஒரு அம்மா, எந்தக் கல்யாணம் என்றே தெரியாமல் சரி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் என் மண்டபம் அதுவரை பார்க்காத கூட்டம். விருந்தாளி பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதி. குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கும்பல், வராவிட்டால் ஏதோ மெமோ வரும் என்று நினைத்து வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்காலி பத்தாமல் ஓனர் நானே தூக்கிப் போட்டேன். பெரியப்பா கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லாம் தன் ஏற்பாடு என்கிற மாதிரி முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். சரவணன் தாலி கட்டினான். நாகராஜ் அப்போதுதான் உட்கார்ந்தான்.

பவித்ரா என்னைக் கூப்பிட்டு, சர்க்குலர் சார் எங்கே என்று கேட்டாள். வாசலில் இருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவன் அதே கல்யாணத்தில் சாப்பிடக் கூடாது என்று நின்றார். நான் திட்டினேன், கேட்கிற ஆளா. இப்போது மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார், அங்கே எந்த மண்டபத்துக்காரன் மாட்டிக்கொண்டு முழிக்கிறானோ.

அன்றைக்கு பவித்ராவே புருஷனை இழுத்துக்கொண்டு அவரைக் கூப்பிட வாசலுக்குப் போனாள். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு இலையை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே வருகிறவரைக்கும் அதில் ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டு நின்றேன்.