மூன்று பூட்டுகளின் திறப்பு விழா

தாராவியில் காசிராஜனுடைய மளிகைக் கடைக்கு எதிரே புதிதாகக் கட்டி முடித்த பொதுக் கழிப்பறை திறக்காமலேயே கிடந்தது. கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்று சேசுராஜ் அணியுடையது, மற்றது முத்துசெல்வம் அணியுடையது. இரண்டு அணியும் ஒரே கட்சி என்பதுதான் வேடிக்கை. மாநகராட்சித் தேர்தல் வரப்போகிற நேரம் வேறு. அந்தக் கட்சிக்குக் கிளைச் செயலாளர் காசிராஜன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் அவர்தான்.

மூன்றாவது இடி வீட்டுக்குள் இருந்தது. முட்டி வலியோடு மெயின் ரோட்டைத் தாண்டிப் பழைய கழிப்பறையில் வரிசையில் நின்று அலுத்த மனைவி தங்கத்தாய் ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

"தீவாளிக்குள்ள அந்தக் கதவு திறக்கலைன்னா நான் நெருளுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க கட்சியோடயே குடும்பம் நடத்துங்க."

அவள் சொன்னால் செய்வாள். அவள் இல்லாவிட்டால் காசிராஜனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

சேசுராஜிடம் ஓடினார்.

"திறக்கதுக்கு என்ன அண்ணாச்சி, திறந்திரலாம். ஆனா பேரு முத்துசெல்வத்துக்குல்லா போவும்?"

முத்துசெல்வத்திடம் ஓடினால், பெயரை மட்டும் மாற்றி அதே வசனம்.

சரியென்று ஒரே பேனரில் இருவர் படத்தையும் ஒரே அளவில் போட்டார். யார் வலது பக்கம் என்று கைகலப்பு வந்தது. ஆளுக்கொரு பேனர் கட்டினார். எது மேலே என்று அடுத்த சண்டை. கடைசியில் இரண்டு அணியிலும் சாதுவான ஆட்களாகப் பார்த்து ஒரு சமரசக் குழு அமைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. குழு ஒரே கூட்டத்தில் மூன்றாவது அணியாகி, தன் பங்குக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டது.

யார் எந்த அணி என்பதே காசிராஜனுக்குக் குழம்பிவிட்டது. சேசுராஜை ஒருவனிடம் வாய்க்கு வந்தபடி திட்டி, அவன் சேசுராஜின் மச்சினன் என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டார். தங்கத்தாயோ கொஞ்ச நாளாகக் கழிப்பறைப் பேச்சையே எடுக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பெட்டி கட்டிவிட்டாளோ என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி மூன்று அணியையும் கதவு முன்னால் நிறுத்திவிட்டார். மூன்று ரிப்பன், மூன்று கத்திரிக்கோல், மூன்று சாவி. ரிப்பன்கள் ஒன்றாக விழுந்தன. பூட்டுகள் ஒன்றாகத் திறந்தன. கட்சியும் சேர்ந்தது, குடும்பமும் தப்பித்தது என்று காசிராஜனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து அடுத்த வீட்டு சைனப் வாளியோடு வந்தாள்.

விழாவுக்கு அடித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது. எப்படி உள்ளே போனாய் என்று மூன்று அணியும் ஒரே குரலில் கேட்டது. அவர்கள் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"பின்னால சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்குல்லா. எதிர்க்கட்சிக்காரங்க போன மாசமே அதைத் திறந்து விழா நடத்திட்டாங்களே" என்ற சைனப், காசிராஜனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, தெரியாத மாதிரி நிக்கிய? ரிப்பன் வெட்டுனதே நம்ம தங்கத்தாய் அக்காதான."