டார்ச்லைட் சார் மொய் வைத்த கல்யாணங்கள்

பாம்பை மனதில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டார்ச்லைட் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எனக்கு அது ஞாபகமில்லை. ஆபீஸில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

அப்போது நாங்கள் இருவரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய முதலாளியிடம் வேலை பார்த்தோம். அரிசி ஆலை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்று தனக்கு எத்தனை இருக்கின்றன என்பது முதலாளிக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் காரில் போகும்போது ஒரு ஆலையைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கான்யா, யாருது இது?" என்று கேட்டார். "உங்களுதுதாங்க" என்றார் டிரைவர். எனக்கு அங்கே கடிதம் அடிக்கிற வேலை. டார்ச்லைட் சாருக்குச் சாமான் வாங்குகிற வேலை. ஐம்பத்தாறு வயது, புதுப்பாளையத்தில் வாடகை வீடு, நர்சிங் படிக்கிற ஒரே பெண். அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வருமானம் கிடையாது.

ஒருமுறை அவருடைய மச்சான் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போன மனிதர், மச்சானை அம்போவென்று விட்டுவிட்டுப் பக்கத்து வார்டில் பாம்பு கடித்துக் கிடந்தவர்களை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எப்பம்மா கடிச்சுது?"

"விடியறதுக்கு முன்னாடிங்க. களை எடுக்கப் போனேன்."

"கையில லைட்டு இருந்துச்சா?"

"லைட்டு ஏதுங்க எங்கிட்ட?"

கட்டில் கட்டிலாகப் போய் இதையே கேட்டிருக்கிறார். எல்லாரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மனிதன் மனிதனுக்குக் கொடுக்கத்தக்க ஒரே பொருள் டார்ச்லைட் என்று முடிவு கட்டிவிட்டார். "உங்க வீட்ல யாரையாச்சும் பாம்பு கடிச்சிருக்கா சார்?" என்று நான் கேட்டபோது என்னை முறைத்தார்.

"இல்ல. எங்க வீட்ல செத்தாதான் அழணுமா? அடுத்தவன் வீட்ல செத்தா அது சாவு இல்லியா?"

அதற்குப் பிறகு கல்யாணமா, காதுகுத்தா, கிரகப்பிரவேசமா, எல்லாவற்றுக்கும் டார்ச்தான். ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நன்கொடை நோட்டோடு யார் ஆபீஸுக்குள் வந்தாலும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "இதால யாருக்கு என்னா பிரயோஜனம்?" என்று கேட்பார். கோயில் மணிக்கு வசூலுக்கு வந்த ஒருவர் பாவம், பாதி டீயோடு எழுந்து ஓடினார்.

எங்கள் டிரைவருக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். நல்ல முகூர்த்த நாளில் அங்கே கோயில் மலையில் எத்தனை ஜோடி நிற்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாலைக்குள் எந்த மாப்பிள்ளை என்று பெற்ற தாயே தடுமாறுவாள். அந்தக் கூட்டத்தில் நம் ஆள் நுழைந்து, முன்பின் தெரியாத ஒரு ஜோடியிடம் டார்ச்சைக் கொடுத்து, போட்டோவுக்கும் நின்று, அவர்கள் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"சார், அது நம்ம டிரைவர் இல்ல!"

"அப்படியா? பண்ருட்டிப் பக்கம் வெவசாயக் குடும்பமாம். நல்லதாப் போச்சு. குடுத்தாச்சுல்ல, யாருக்கா இருந்தா என்னா?"

டிரைவர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. சிதம்பரத்தில் அவருடைய சொந்த மண்டபத்தில் விழா. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ், அதன்மேல் முதலாளியும் முதலாளியம்மாவும் சேர்ந்திருக்கும் படம். ஆபீஸில் எங்களைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டார். பிரமாதம் என்றோம். வேறென்ன சொல்வோம்? டார்ச்லைட் சார் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி, வர்றவங்க வீட்ல எல்லாம் வெள்ளி ஜாஸ்தியாவே கெடக்குதுங்க. ஒரு சிமிழ் காசுல மூணு டார்ச் வரும். வயல்ல எறங்குறவுங்களுக்குக் குடுத்தா..."

"யோவ்! நான் அறுவதாங் கல்யாணம் பண்றேன், நீ பாம்பப் பத்திப் பேசுற! இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்த, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

வேலை போய்விடும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மனுஷன் சரிங்க என்று தலையாட்டினார். மறுநாள் என் மேஜைக்கு வந்து ஒரு ஆர்டர் கடிதம் அடிக்கச் சொன்னார். அடித்துக்கொண்டே வந்தேன். சிமிழ் என்று வர வேண்டிய இடத்தில் 'டார்ச்லைட், ஒரு பைக்கு மூன்று' என்று அவர் சொன்னதும் என் விரல் நின்றுவிட்டது.

"சார், வேண்டாம் சார்."

"அடி தம்பி. நேராக் குடுன்னா குடுக்க மாட்டாரு. பெரிய மனுசங்களுக்கு வேண்டாததக் குடுத்தா, அது தானாப் போயி வேண்டியவன்கிட்ட சேந்துரும்."

அடுத்தவர் காசில் தர்மம் செய்வது தப்புதான். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். இருந்தும் அடித்துக் கொடுத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலாளி ஸ்டிக்கரில் தன் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் நான்கு முறை பார்த்தார். அது எதன்மேல் ஒட்டப்போகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

விழா அன்று முதல் பை சம்பந்தியம்மா கைக்குப் போனது. "என்னா இம்மாங் கனம் கனக்குது?" என்று அங்கேயே பிரித்தார். ஒரு டார்ச்சை எடுத்து, திருப்பிப் பார்த்து, பொத்தானை அமுக்கினார். வெளிச்சம் நேராக மாலையும் கழுத்துமாக நின்ற முதலாளியின் மூஞ்சியில் விழுந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி ஊதினார்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் விசாரணை நடந்தது. முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"லெட்டர் அடிச்சது எவன்?"

அந்த வேலைக்கு நான் வந்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"நான்தாங்க அடிச்சேன். தம்பி அன்னிக்கு லீவு" என்றார் டார்ச்லைட் சார். கம்ப்யூட்டரை அணைப்பதற்கே என்னைக் கூப்பிடுகிற மனிதர் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"நாளையிலேருந்து வராத."

"சரிங்க. சாப்டுட்டுப் போறேங்க."

சொன்னபடியே இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேலை போன வருத்தம் முகத்தில் துளியும் இல்லை. ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஒரு டார்ச்சைத் தன் காருக்குள் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் தன் டிரைவரிடம் நீட்டினார். ஒரு காண்ட்ராக்டரின் மனைவி இலை எடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டுப் பையையே கொடுத்துவிட்டுப் போனார். சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தொடையைத் தட்டினார்.

"பாத்தியா? வெள்ளியா இருந்தா குடுத்திருப்பாங்களா?"

பங்குனி பிறந்ததும் உளுந்து அறுப்பு நேரத்தில், முதலாளியோடு விடியற்காலையில் புவனகிரி வழியாகச் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தேன். இருட்டு இன்னும் பிரியவில்லை. வரப்பில் ஏழெட்டு வெளிச்சம் வரிசையாகத் தரையைப் பார்த்தபடி போனது. முதலாளி காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"ஏம்மா, இந்த லைட்டு ஏது?"

"எங்க அக்காவும் தெருப் பொம்பளைங்களும் மண்டபத்துல எல எடுக்கப் போனாங்க. அங்க யாரோ புண்ணியவான் குடுத்தாராம். எங்க தெருவுல பாதி வீட்ல இதான். முன்னல்லாம் உசுரக் கையில புடிச்சிட்டே போவோம். இப்ப பயமில்லாம காலு வைக்கிறோம்."

அந்தப் பெண் டார்ச்சை முதலாளி முகத்துக்கு நேரே அடித்தாள். பிறகு அடுத்தவள் கையிலிருந்த டார்ச்சின் ஸ்டிக்கரில் அடித்தாள். மறுபடி முகத்தில் அடித்தாள்.

"அய்யே, நீங்கதானா அது? படத்துல இன்னும் நல்லா இருக்கீங்க."

முதலாளி சிரிக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"மொதலாளி, அந்த லெட்டர அடிச்சது நான்தாங்க."

"தெரியும்யா. அந்தாளுக்கு டைப் அடிக்க வருமா?" என்றார் அவர். கொஞ்ச தூரம் போனபின், "போயி வரச் சொல்லு" என்றார்.

திருவதிகையில் ஒரு முந்திரிக் கொட்டகையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரைப் போய்க் கூட்டி வந்தேன். வந்தவர் நன்றி சொன்னாரா? முதலாளி எதிரில் நின்று, "லைட்டு சரிங்க. அடுத்த வருசம் காலுக்கு பூட்ஸு போடணும்ங்க" என்றார். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம், அதே திருவந்திபுரத்தில். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த டார்ச்லைட் சார், ஆள் மாறிவிடக் கூடாது என்று என் முகத்தை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அவர் கொடுத்த பொட்டலம் சின்னதாக இருந்தது. டார்ச் இல்லையே என்று பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது.

"சார்! இதால யாருக்கு என்னா பிரயோஜனம்?"

அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒருத்தருக்கும் இல்ல. நீ வச்சிக்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

இத்தனை வருஷம் சொல்லவில்லை சார்.