மூடி அண்ணையும் முக்கால் கான் நுரையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் அரை மூடி சோப்பு கூடிப்போன துக்கத்தில் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த ஒரு மனிதனை எந்தக் கப்பல்காரனும் எந்தத் துறைமுகத்திலும் கண்டிருக்கமாட்டான். அந்த மனிதனோடு நான் நான்கு வருடம் வேலை செய்தேன்.

ஹோட்டல்களுக்கும் வங்கிகளுக்கும் போய் கார்பட் கழுவிக் கொடுக்கும் சின்னக் கம்பனி எங்களுடையது. நான் சுப்பவைசர். வான் வண்டி ஓட்டுவது கிண்ணியா ரிஸ்வான். மெசின் பிடிப்பது மூடி அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

கழுத்தில் மீன் பிடிக்கிற தங்கூசி நூல் கட்டி, சோப்புக் கானின் நீல மூடி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். வாளித் தண்ணிக்கு ஒன்றரை மூடி. அதுதான் அவருடைய வேதம். கோயிலில் ஒருநாள் ஐயர், "இதென்ன தாயத்தோ?" என்று கேட்டிருக்கிறார். "ஓம் ஐயா, கறைக்கு" என்று சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்தாராம். பால் விடாத பிளேன்ரீக்குச் சீனி போடுவதும் அதே மூடியால்தான். கழுவிவிட்டுத்தான் போடுகிறார் என்று ரிஸ்வான் சத்தியம் செய்தாலும் நான் குடித்ததில்லை. மழை நாளில் ரிஸ்வானிடம் வானை நிறுத்தச் சொல்லிக் கடலைப் பார்ப்பார். "தண்ணி கூடிப்போச்சு, உப்புக் காணாது" என்று கவலைப்படுவார்.

வேகத்தைப் பற்றி அவரோடு கதைக்கவே ஏலாது. மெசினைத் தள்ளும்போது சோப்புத் தண்ணி விசிறும். இழுக்கும்போது அழுக்குத் தண்ணியை உறிஞ்சும். நாங்கள் எல்லோரும் அப்படியே அடுத்த அடிக்குப் போவோம். அவர் போகமாட்டார். தண்ணி விடாமல் அதே இடத்தில் இன்னும் இரண்டு வெறும் இழுவை இழுப்பார், அதுவும் ஆமை வெட்கப்படும் வேகத்தில். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலோடு கார்பட்டில் நடப்பார். சோப்பு மிஞ்சியிருந்தால் உள்ளங்கால் ஒட்டுமாம். ஒருமுறை நகரத்து வங்கியில் இப்படி நடந்துபோய்க் காசாளரின் மேசைக்கு முன்னால் காலைத் தூக்கி, "தொட்டுப் பாருங்கோ பிள்ளை, பிசுபிசுப்பு இருக்கோ?" என்றார். அந்தப் பிள்ளை காவலாளியைக் கூப்பிட்டது.

இந்த நேரத்தில்தான் கம்பனி என்னைக் கொழும்புக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. தலைப்பு, வேகம். என்ன சொல்லித் தந்தார்கள் என்பதில் பாதிதான் ஞாபகம் இருந்தது. ஆனால் போகும்போது மனிசனாகப் போனவன் வரும்போது மணிக்கூடாக வந்தேன். கைத்தொலைபேசியில் நேரம் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

"அண்ணை, ஒரு அறைக்கு ஐம்பது நிமிசம் எடுக்கிறியள்."

"கார்பட் என்னட்டக் கேட்டதில்லையே தம்பி."

உப்புவெளியில் ஒரு பெரிய ஹோட்டல் எங்கள் உயிர்நாடி. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் கம்பனி எனக்குச் சுப்பவைசர் வேலையே தந்திருந்தது. அது போனால் நானும் போகவேண்டியதுதான். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். இப்படியிருக்க ஒருநாள் காலை அந்த ஹோட்டல் மனேஜர் கூப்பிட்டார். மாலை ஆறு மணிக்குக் கலியாண வரவேற்பு, மண்டபத்துக் கார்பட் கழுவிக் காய்ந்து இருக்கவேணும்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். பதினொன்றுக்குக் கால்வாசிகூட முடியவில்லை. மூடி அண்ணை பிளேன்ரீ குடிக்க வெளியே போனார். மூடியும் அவர் கழுத்தோடு போய்விட்டது. எனக்கு அப்போது தோன்றிய கணக்கு இதுதான்: சோப்பை இரண்டு மடங்காக்கினால் வேலை பாதியாகும். கானைத் தூக்கி மெசினின் தண்ணித் தொட்டிக்குள் கவிழ்த்தேன். இரண்டு மடங்கு எங்கே முடிந்தது, நான் எங்கே நிறுத்தினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மெசினைப் பிடித்து ஓட்டமும் நடையுமாக மண்டபம் முழுக்கத் தள்ளிவிட்டேன். இருபது நிமிடம். கொழும்பில் கைதட்டியிருப்பார்கள்.

பிறகு நுரை வந்தது. முதலில் கணுக்கால். மெசின் உறிஞ்சப் பார்த்தது. அழுக்குத் தொட்டி நுரையால் நிரம்பி, மூச்சு முட்டி, உறிஞ்சலை நிறுத்திவிட்டது. கார்பட் குளமாகக் கிடந்தது. மேடை சோடிக்க வந்தவர் எட்டிப் பார்த்து, "மேகம் நல்லாயிருக்கு, மாப்பிள்ளை பகுதி சொன்னவையோ?" என்று கேட்டார்.

"சேர், நம்மளத் தூக்கிட்டுப் போகப் போகுது" என்றான் ரிஸ்வான், கதிரை மேல் ஏறி நின்றபடி.

மூடி அண்ணை வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அடி வைத்தார்.

"எத்தனை மூடி?"

"முக்கால் கான் இருக்கும் அண்ணை."

"மூடிக் கணக்கில சொல்லுங்கோ."

"தெரியேல்ல அண்ணை."

சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா செத்த செய்தியைக்கூட அவர் நின்றுகொண்டுதான் கேட்டவர் என்று ரிஸ்வான் பிறகு சொன்னான். கொஞ்சம் மூச்சு வந்ததும், "குசினியில அச்சாறுக்கு விடுற வினாகிரி இருக்கும், ஓடுங்கோ" என்றார்.

வினாகிரியை மூடியால் அளந்து அழுக்குத் தொட்டிக்குள் விட்டார். நுரை கோபம் தணிந்த மாமியார் மாதிரி அப்படியே அடங்கியது. பிறகு வெறும் சுடுதண்ணியில் கொஞ்சம் வினாகிரி கலந்து, சோப்பே இல்லாமல், மண்டபம் முழுவதையும் முதலிலிருந்து கழுவினார். ஒரு தள்ளல், ஒரு இழுவை, இரண்டு வெறும் இழுவை. நேரம் பிடிக்க நான் போனை எடுத்தேன்.

"அதைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. வைச்சிட்டு வயரைப் பிடியுங்கோ."

பிடித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர் இழுத்துவிட்டுப் போன இடம் பின்னாலேயே காய்ந்துகொண்டு வந்தது. நான் வேகமாகத் தள்ளிய இடம் அடுத்த பொங்கலுக்கும் காய்ந்திருக்காது. ஐந்தே காலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்தார். "ஒட்டேல்ல" என்றார். நான் அழுதுவிட்டேன். நுரை கண்ணுக்குள் போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரே ஒரு குறை. மண்டபம் முழுக்க அச்சாறு மணந்தது.

மனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். சோடனைக்காரர் மேகக் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். "ஆர் சோப்பை ஊத்தினது? அந்த ஆள் இனி இந்த வாசல் மிதிக்கக்கூடாது."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் மூடி அண்ணை பலமாகச் செருமினார். அப்போதுதான் பார்த்தேன், நீல மூடி சட்டைக்கு வெளியே இல்லை. உள்ளே தள்ளி, மேல் பொத்தானையும் பூட்டியிருந்தார்.

"நான்தான் ஐயா. கை தவறிப்போச்சு."

அரை மூடிக்குப் பட்டினி கிடந்த மனிதன், முக்கால் கானைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் பேசாமல் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மனேஜருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "சரி, வயசாகிட்டுது. வாங்கோ, ஆனா இனி சோப்பைத் தொடக்கூடாது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இனி நீங்கள்தான் அளக்கவேணும். உங்களை நம்பலாம்."

வரவேற்புக்கு வந்த சனம் மணத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையெல்லாம் அச்சாறு தேடியதாம். அடுத்த கலியாணத்திலிருந்து ஹோட்டல்காரர் அச்சாறும் வைக்கத் தொடங்கினார்கள்.

திரும்பும்போது வானுக்குள் கேட்டேன். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உங்களை வேலையால கலைச்சா இன்னொரு சுப்பவைசர் வருவார். அவர் ரெண்டு கான் ஊத்துவார்." சட்டைக்குள்ளிருந்து மூடியை வெளியே எடுத்துவிட்டார். "பிள்ளை பிறக்கப்போற வீடும்தானே."

அதன் பிறகு அந்த ஹோட்டலில் சோப்பு அளந்தது நான்தான். மனேஜர் பார்த்துக்கொண்டு நிற்பார். மூடி அண்ணை கையைப் பின்னால் கட்டியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கானைச் சரிப்பேன். சோப்பு விழும் சத்தத்தைக் கேட்டே அளப்பார் போல, ஒன்றரை மூடி ஆனதும் ஒரு செருமல் வரும். நிறுத்துவேன். ஒருநாளும் அளவு பிழைத்ததில்லை. "பெரியவருக்கு நெஞ்சுச் சளி, ஆரும் டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று மனேஜர் ஒருமுறை என்னிடம் இரக்கப்பட்டார்.

இப்போது அவர் இறக்கக்கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் அந்த வேலையை விட்டும் கனநாளாகிவிட்டது. ஆனாலும் வீட்டில் என் மகளுடைய பள்ளிக்கூடச் சட்டைகளைத் தோய்க்கச் சோப்புத்தூள் எடுத்தால், வாளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். அவர் செருமட்டும் என்று.