பட்டினித் தட்டுக்கு ஒரு சொட்டு

ஒரு சொட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார், ஆறுகிற புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்ப்பார், தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்பி 'நல்லாத் தூங்குனியா' என்று விசாரிப்பார். கெட்ட மனிதரா என்றால் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாமே.

இந்த இனத்தின் திலகம் ஒருவர் எனக்குத் தெரியும். பேராசிரியர். சினைப்பையிலுள்ள செல்கள் எப்படிச் சாகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. கருமுட்டையைச் சுற்றி நிற்கும் இந்தச் செல்களுக்குள், தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம். வளர்ச்சிக் காரணி என்கிற சத்து வந்து 'இரு, இன்னும் கொஞ்சம் இரு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்குமாம். இதுதான் அவர் கட்சி. நிரூபிப்பதும் சுலபம்: செல்கள் வளரும் ஒரு தட்டுக்கு அந்தச் சத்தைக் கொடு, இன்னொன்றைப் பட்டினி போடு. பட்டினித் தட்டு செத்தால் கட்சி ஜெயித்தது.

சாகவில்லை.

அவருடைய ஆய்வு மாணவி திரும்பச் செய்தாள், அதற்கப்புறமும் செய்தாள். பட்டினித் தட்டு கொழுகொழுவென்று இருந்தது. இந்த ஆண்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுக்குக் காத்திருக்கும் வேலை போய்விடும். வீட்டிலோ சித்தி, "இன்னுமாடி படிச்சு முடிக்கல?" என்று குடைகிறாள். பேராசிரியர் மட்டும் தளரவில்லை.

"உன் கைப்பக்குவம் சரியில்லம்மா" என்றார்.

ஒரு மதியம், சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தவள், தட்டுகளை வைத்திருக்கும் இன்குபேட்டர் திறந்து கிடக்கக் கண்டாள். எதிரே பேராசிரியர், ஒரு கையில் பட்டினித் தட்டு, மறுகையில் சீரம் ஏற்றிய பிப்பெட்.

"என்ன சார் பண்றீங்க?"

"வாடிப்போயிருந்துச்சும்மா. பாவம். ஒரே ஒரு சொட்டு."

"அது சாகணும் சார். அதுக்குத்தானே பட்டினி போட்டிருக்கேன்."

"ஒரு சொட்டுல என்ன ஆயிடப்போகுது?"

என்ன ஆகும்? சீரத்தில் வளர்ச்சிக் காரணிகள் மண்டிக் கிடக்கின்றன என்று வகுப்புக்கு வகுப்பு முழங்குகிறவர் இவரேதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது படிக்காதவன்.

அவளுக்கு வந்த கோபத்தில் இன்குபேட்டருக்கே பூட்டுப் போட்டாள். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஐயா பூட்டின் முன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்தினார். "சும்மா பார்க்கத்தாம்மா" என்று கெஞ்சினார். அவள் மசியவில்லை. பட்டினித் தட்டு, பாடப் புத்தகத்தில் உள்ளபடி, ஒழுங்காகச் செத்தது.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாமே போயிடுச்சா?"

"போயிடுச்சு சார். உங்க கட்சி பொழைச்சிடுச்சு."

மகிழ்ந்தாரா? மகிழ்ந்தார், அரை நிமிடம். பிறகு கை அரித்தது. தாம் கையெழுத்துப் போட்டுத் தந்த ஆய்வேட்டையையே திரும்பக் கேட்டு, முடிவுரையில் ஒரே ஒரு வரி சேர்த்தார். மறுநாள் இன்னும் ஒரு வரி. கெடு நெருங்க நெருங்க முடிவுரை ஊதிக்கொண்டே போயிற்று. அவளும் ஒவ்வொரு வரிக்கும் "நல்லாருக்கு சார்" என்று தலையாட்டினாள். அவர் கையெழுத்திட்ட இன்னொரு பிரதியை அவள்தான் என்றைக்கோ அலுவலகத்தில் கொடுத்துவிட்டாளே.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், 'பேராசிரியரைப் பற்றிக் கடைசியில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?

பேனாவைக் கீழே வையுங்கள்.