ருத்ராட்சைத் தோட்டம்

"இந்த சனி ஞாயிறு எங்கே போவது என்பதை நான்தான் முடிவு செய்வேன்!"

இப்படி ஒரு வாக்கியத்தை என் சொந்த வாயால், உரக்க, நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கேன்டீனில். என் மனைவி அப்போது ஊருக்குள், வீட்டில் இருந்தாள். அதனாலென்ன? வீரம் வீரம்தான். தூரம் வேறு விஷயம்.

என் பெயர் காசி. என் மனைவி பெயர் தென்றல். தமிழாசிரியரான மாமனார் ஆசையாக வைத்த பெயர். மனுஷருக்கு இலக்கணம் தெரிந்த அளவுக்கு வானிலை தெரியாது. கல்யாணமான நாள் முதலாக எங்கள் வீட்டில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டை நான் இன்னும் இறக்கவில்லை.

லீவு வந்தால் நாங்கள் போகும் ஊர் ஒன்றே ஒன்றுதான். கீழ்பென்னாத்தூர். தென்றலின் அம்மா வீடு. அங்கே மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு. எல்லாரும் ஒரே முறத்தில் நிலக்கடலை உரிப்பார்கள். எனக்கு மட்டும் தனி முறம் கொடுப்பார்கள். பெங்களூர், ஊட்டி என்று நான் வாய் திறந்தபோதெல்லாம், "அங்க என்ன இருக்குது?" என்று ஒரே கேள்வியில் ஊரையே காலி செய்துவிடுவாள். ஒரே ஒரு தடவை, ஒரு சனி ஞாயிறு, நான் சொன்ன இடத்துக்கு நான் போகவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதைக் கேன்டீனில் சொல்லித் தொலைத்துவிட்டேன். இனி போகாமல் இருந்தால் திங்கட்கிழமை ஆபீஸில் தலைகாட்ட முடியாது.

விதை போட்டவன் பக்கத்து நாற்காலி அப்பாதுரை.

"பெங்களூர் தாண்டி, நந்தி மலை பக்கத்துல ஒயின் தோட்டம் இருக்குதுடா காசி. கண்ணுக்கு எட்டுன தூரம் திராட்சைப் பந்தல். சுத்திக் காமிக்கிறாங்க. அப்புறம் நெழல்ல உக்கார வெச்சு, கண்ணாடிக் கோப்பையில ஊத்தி, ருசி பாருங்கன்றாங்க."

"சும்மாவா?"

"கூப்பிட்டு வெச்சுக் குடுக்கிறாங்கடா!"

நம் பக்கத்தில் ஒயின் ஷாப் என்றுதான் பேர். உள்ளே போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், முட்டை பொடிமாஸ்கூட இருக்கும். ஒயின் இருக்காது. நான் குடிகாரன் இல்லை. ஆபீஸில் யாராவது ரிடையர் ஆனால் ஒரு பீர், அவ்வளவுதான். அதனால் வருஷா வருஷம் பிறருடைய ஓய்வை நான்தான் அதிகம் எதிர்பார்ப்பேன். ஆனால் ஒயின் அப்படி இல்லை. கோப்பையைக் காம்பில் பிடித்து, லேசாகச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மிடறு. அது குடி இல்லை, நாகரிகம்.

இதைத் தென்றலிடம் சொல்ல முடியுமா? ஒயின் என்ற சொல்லின் முதல் எழுத்தைச் சொன்னாலே போதும், மிச்சத்தை அவளே எழுதிவிடுவாள். ஆகவே மூளையை உபயோகித்தேன். நந்தி மலையில் நந்தி இருக்கிறார். அடிவாரத்தில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு, சிவன் பேரைச் சொல்லிப் புருஷன் கிளம்பினால் எந்தப் பெண்டாட்டி தடுப்பாள்? திட்டம் கச்சிதம். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தென்றல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"தென்றல், இந்த சனி ஞாயிறு நான் நந்தி மலை போறேன்."

"எந்த நந்தி?"

"பெங்களூர் தாண்டி. பழைய சிவன் கோயில். ரொம்ப நாளா மனசுல இருக்குது."

"இங்க பெரிய கோயில்ல நந்தி இருக்குது. மலையைச் சுத்துனா வழி நெடுக நந்தி இருக்குது. அதுங்களை எல்லாம் பாத்து முடிச்சிட்டீங்களா?"

"இது வேற மாதிரி நந்தி."

"ஏன், நின்னுக்கினு இருக்குதா?"

கொஞ்சம் தடுமாறினேன். தடுமாறினால் எனக்கு வாய் வேகமாகிவிடும்.

"அது மட்டும் இல்ல. அங்க நல்ல திராட்..."

நாக்கைக் கடித்தேன். கீரையிலிருந்து அவள் தலை நிமிர்ந்தது.

"நல்ல?"

"ருத்ராட்சை! நல்ல ருத்ராட்சை கெடைக்குது. தோட்டமே இருக்குது."

என்ன சமயோசிதம் பாருங்கள். திராட்சைக்கும் ருத்ராட்சைக்கும் நடுவில் ஒரு முடி அளவு இடம். அதில் புகுந்து வெளியே வந்துவிட்டேன்.

"ருத்ராட்சைத் தோட்டமா?" என்றாள்.

"ஏக்கர் கணக்குல."

"மரமா, கொடியா?"

"கொடிதான். பந்தல் போட்டு விட்டிருக்காங்க. கொத்துக் கொத்தா தொங்குமாம்."

"ஓ. கொட்டை பெருசா இருக்குமா?"

"சிலதுல கொட்டையே இல்லாமகூட வருது. இப்ப புது ரகம்."

இதைச் சொல்லும்போது விதையில்லாத திராட்சைதான் என் மனசில் இருந்தது. ருத்ராட்சை என்பதே ஒரு கொட்டைதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. தென்றல் ஒரு ஈர்க்கை ஒடித்துப் போட்டாள். சிரிக்கவில்லை. திட்டவில்லை. எனக்கு அதுவே சந்தேகம் தந்திருக்கவேண்டும்.

"கொட்டை இல்லாத ருத்ராட்சையை நான் பாத்ததே இல்லீங்க. நானும் வரேன்."

சரி, வரட்டும் என்று முடிவு செய்தேன். கவனியுங்கள், முடிவு செய்தது நான். அவளைக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு, "ருத்ராட்சை விலை விசாரிச்சுட்டு வரேன்" என்று நழுவிவிடலாம்.

வண்டிக்குப் பக்கத்து வீட்டு ஜானி பாஷாவைப் பிடித்தேன். ஆம்னி வேன் வைத்திருக்கிறார். குடி, புகை எதுவும் கிடையாது. அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது.

"பாய், விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

"என்னா சார் நீங்க! உசுரு போனாலும் வெளிய வராது."

ஜானி பாஷா ரகசியம் காப்பதில் மன்னர். அவர் சொல்லும் ஒரே ஆள் அவர் மனைவி பீபி ஜான். பீபி ஜானும் ரகசியம் காப்பவர்தான். அவர் சொல்லும் ஒரே ஆள் தென்றல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலைத் தாண்டி ஞாயிறுதோறும் ஒரு தூக்கு பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும். தூக்கில் பிரியாணி மட்டும்தான் வருகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். முன் சீட்டில் அப்பாதுரை. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர். வழியெல்லாம் தென்றல் ஏக குஷி. புளியோதரை கொடுத்தாள். அப்பாதுரையிடம், "ஏண்ணே, உங்களுக்கும் ருத்ராட்சை மேல திடீர் பக்தியா?" என்று கேட்டாள். அவனுக்குப் புளியோதரை புரை ஏறியது. ஜானி பாஷா கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டை அவ்வளவு அக்கறையாகப் பார்த்து ஓட்டும் ஆளை நான் கண்டதில்லை.

கோயில் அருமையான கோயில். நந்தி முன்னால் நின்று, மனசார ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டு, நழுவத் தயாரானேன்.

"என்னங்க, கொஞ்சம் குனியுங்க."

குனிந்தேன். குனிவது எனக்குப் பழக்கம். கழுத்தில் என்னவோ கனமாக விழுந்தது. சிவப்புக் கயிற்றில் கோத்த பழுப்பு மணிகள்.

"நீங்கதான் ருத்ராட்சை ருத்ராட்சைன்னு தவிச்சீங்களே. அடி அண்ணாமலையில சடையன் கடை இருக்குதில்ல, அங்க வாங்கினேன்."

"அதான் தோட்டத்துல வாங்கப் போறோமே, தென்றல்!"

"அதுல கொட்டை இருக்காதுன்னீங்களே."

அவள் தொடர்ந்தாள்.

"மாலை போட்டவங்க கறி தொடக்கூடாது. குடிக்கக்கூடாது. உங்களுக்கென்ன, அந்தப் பழக்கமெல்லாம்தான் கெடையாதே."

"கழட்டிட்டா?"

அவள் தாலிச்சரட்டில் கையை வைத்தாள். கண்ணை மூடினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். இதற்கு மேல் ஒரு புருஷன் எதைக் கேட்பான்?

கோயிலில் தனியாக உட்கார அவள் சம்மதிக்கவில்லை. தோட்டத்துக்குக் கூடவே வந்தாள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஆங்கிலப் பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"என்னங்க, ஒயின்னு போட்டிருக்குது?"

"கன்னடத்துல ருத்ராட்சைக்கு அப்படித்தான் சொல்வாங்க."

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகத் துணிச்சலான பொய் அதுதான். அப்பாதுரை வேனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

பந்தல் பந்தலாகத் திராட்சை. "ருத்ராட்சை கருப்பா இருக்குதுங்க, இன்னும் பழுக்கலியோ?" என்று ஒவ்வொரு கொடியிலும் நின்று கேட்டாள். பீப்பாய்களைக் காட்டினார்கள். பிறகு அந்த நேரம் வந்தது. பந்தல் நிழலில் மேஜை. வெள்ளைத் துணி. காம்பு வைத்த கோப்பைகள். சுற்றிக் காட்டிய பெண் நல்ல தமிழ் பேசினாள். கருஞ்சிவப்பாக ஊற்றினாள். ஜானி பாஷா தனக்கு டீ போதும் என்றுவிட்டார். என் முன்னால் ஒரு கோப்பை. வெயில் அதன் வழியாக விழுந்து மேஜைத் துணியில் சிவப்பாக ஒரு வட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கை தானாக நீண்டது. கழுத்தில் மணிகள் கடகடவென்றன.

"என்னங்க" என்றாள் தென்றல். அவ்வளவுதான் சொன்னாள்.

"இது வெறும் பழச்சாறு, தென்றல். மாலைக்கு ஒண்ணும் ஆகாது."

"இல்ல சார்!" என்றாள் அந்தப் பெண், பெருமையாக. "பன்னெண்டு பர்சென்ட் ஆல்கஹால் இருக்குது!"

நேர்மையானவர்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்கள் எப்படித்தான் உருப்படுகின்றனவோ.

"ஊத்துனதை வீணாக்கக்கூடாது" என்று தென்றல் என் கோப்பையை எடுத்தாள்.

"நீயா?"

"என் கழுத்துலதான் மாலை இல்லையே."

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடியே காம்பைப் பிடித்தாள். சுழற்றினாள். மோந்தாள். கண்ணை மூடினாள். ஒரு மிடறு. நான் பல வாரம் கனவு கண்ட அதே மிடறு.

"துவர்க்குதுங்க. நாவப்பழம் தின்னா மாதிரி இருக்குது. இதுக்கா இம்மாந்தூரம்? அண்ணே, மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க."

அப்பாதுரை ஆபீஸில் எந்த ஃபைலையும் அன்றைக்கே முடித்தவன் இல்லை. என் கோப்பையை உடனே முடித்தான்.

கை கழுவும் இடத்துக்குப் போய்த் தனியாக நின்றேன். மாலையைப் பிடித்தேன். ஒரே இழுப்பு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். தாலியில் கை வைத்து அவள் விட்ட அந்தப் பெருமூச்சு காதில் கேட்டது. எனக்குத் தென்றலிடம் பயம் உண்டு. அது ஊருக்கே தெரியும். அவள்மேல் உயிரும் உண்டு. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். என் கஷ்டமெல்லாம் அதனால் வருவதுதான். மாலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்குள் ஒரு மாற்றம் வந்திருந்தது. தோல்வி என்று யார் சொன்னது? சொன்னபடி நந்தி மலைக்குப் போனேன். முடிவு செய்தது நான். அதுவும் போக, கையருகே வந்த மதுவை ஒதுக்கிய மனிதன் நான். எத்தனை பேரால் முடியும்? நாளை ஆபீஸுக்கு இந்த மாலையோடுதான் போவது என்று தீர்மானித்தேன். கலெக்டர்கூட எழுந்து நிற்கலாம்.

மதில் தாண்டித் தூக்கு வந்தது. தென்றல் திறந்தாள். பீபி ஜான் கைப் பக்குவம். நெய்யும் புதினாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்து அந்த வாசனை கூடத்தை நிறைத்தது. தட்டில் மலைபோல் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

நான் அமைதியாக, கம்பீரமாக, தட்டைத் திருப்பித் தள்ளினேன்.

"எடுத்துடு தென்றல். மாலை போட்டவன் கறி தொடமாட்டான்."

"அட, சாப்பிடுங்க. ஆறிடப் போவுது."

"ருத்ராட்சை தென்றல்! சிவனோட கண்ணு!"

"அது இலந்தைக் கொட்டைங்க."

மாலையில் ஒரு மணியைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"சடையன்கிட்ட சொல்லித்தான் வாங்கினேன். நெசமானதைப் போட்டுட்டா, அப்புறம் பீபி அக்கா பிரியாணியை நீங்க எப்பிடி சாப்பிடுவீங்க? எனக்கு மனசு கேக்கல."

"தாலியில கை வெச்சு அப்பிடி ஒரு பெருமூச்சு விட்டியே!"

"வேர்வையில அரிச்சுது. நான் வாயைத் தெறந்து ஏதாவது சொன்னேனா?"

"அடிப்பாவி! இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

நல்ல நல்லி எலும்பாக ஒன்றைப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள் தென்றல்.

"நேத்து பிரியாணி இல்லீங்களே."