பிரிக்கப்படாத ஓடக்காரன்

லெக்சிங்டன் அவென்யூவில் பதினான்காவது மாடியில் இயங்கிவந்த ட்ரைபரோ காமிக்ஸ் நிறுவனம், 1992ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. "இன்று முதல் நமது வெளியீடுகள் அனைத்தும் சேகரிப்புப் பொருட்களாகக் கருதப்படும். பொருளின் தரத்தைக் கெடுக்கும் காரணிகளில் ஈரம், வெயில், எலி ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவதாக வாசிப்பு சேர்க்கப்படுகிறது. இதனை அனைவரும் கவனத்தில் கொள்ளவும்."

மோரி டூப்ரோ இதை நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று இரண்டு முறை படித்தார். வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருடமாக அந்த நிறுவனத்துக்குக் கதை எழுதுகிறவர். ஊழியர் இல்லை, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூலிக்கான காசோலையின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை குத்தியிருக்கும்: இங்கே கையெழுத்திடுபவர் தம் படைப்பின் மீதான சகல உரிமைகளையும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கிறார். கையெழுத்திடாமல் வங்கியில் பணம் வராது. பசியையும் சட்டத்தையும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சடித்த அந்த மூளைக்கு இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை.

1961இல் ஒரு மலிவு உணவுக்கூடத்து மேசையில், ஆறிப்போன காப்பிக்கு எதிரே, மோரியும் வீட்டோ ஸ்கலீஸ் என்ற ஓவியரும் சேர்ந்து உருவாக்கியவன் 'இரும்பு ஓடக்காரன்'. மழைக்காலத்து ஹட்சன் ஆற்றில் மூழ்குகிறவர்களைத் தூக்கிவிட்டு, மூழ்கடித்தவர்களை உதைக்கிறவன். அவன் முகம் பள்ளிப் பைகளில் வந்தது, சோப்புக் கட்டியில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது. வீட்டோவின் பெயர் மட்டும் எங்கேயும் வரவில்லை. 'ட்ரைபரோ வழங்கும்' என்று முதல் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். வீட்டோ 1979இல் செத்துப்போனார். அவருடைய பெயரை நிறுவனத்தின் தாளில், நிறுவனத்தின் மையில் ஒரே ஒரு முறை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மோரிக்கு மிச்சமிருந்த ஆசை. அதற்காக 1974லேயே சங்கம் கட்டப் பார்த்தவர் அவர். கட்டடத்து வாசலில் நின்று துண்டறிக்கை கொடுத்தார். எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போய்த் தூரிகை துடைத்தார்கள்.

இப்போது நிறுவனத்தில் சந்தைப் போக்குகளுக்கான துணைத்தலைவராக வந்திருந்தவர் கிரெய்க் லிண்ட்குவிஸ்ட். முந்தைய உத்தியோகம் நாய் பிஸ்கட் கம்பெனியில். அங்கே கற்ற பாடத்தை அவர் எல்லாக் கூட்டங்களிலும் சொல்வார்: வாங்குகிறவன் தின்பதில்லை, தின்கிறவன் வாங்குவதில்லை, ஆகையால் ருசி பற்றிய விவாதம் நேர விரயம். இந்தக் கொள்கையின்படி அட்டைப் பிரிவில் பதினான்கு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஜிகினா அட்டை வந்தது, புடைப்பு அட்டை வந்தது, இருட்டில் ஒளிரும் அட்டை வந்தது, சாய்த்துப் பார்த்தால் வில்லன் கண்ணடிக்கும் அட்டை வந்தது. ஒரே இதழுக்கு ஐந்து அட்டை. யார் கையும் படாதபடி ஒவ்வொரு பிரதியையும் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு மூடியே கடைக்கு அனுப்பினார்கள். முதல் இதழ்தான் அதிகம் விற்கிறது என்று கண்டுபிடித்து, ஓடக்காரனின் முந்நூற்று எழுபதாம் இதழை முதல் இதழ் என்று மாற்றினார்கள். அடுத்த மாதம் வந்ததும் முதல் இதழ்தான். ஒன்றுக்குப் பிறகு இரண்டு வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதைச் சட்டப் பிரிவு எழுத்துமூலம் உறுதி செய்தது.

இந்த ஊர்த் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே அட்டைப் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். விற்காததைத் திருப்ப முடியாது. கதை எழுதப்படும்போது அது விற்று முடிந்திருக்கும்.

மூன்றாவது முதல் இதழை எழுதும் பணி மோரிக்குக் கிடைத்தது. என்ன கதை வேண்டும் என்று கேட்கப் போனார்.

"கடைங்கள்ல இருந்து பதினொரு லட்சம் பிரதிக்கு ஆர்டர் வந்தாச்சு, மோரி. இனிமே கதையால என்ன கெட்டுடப் போகுது?" என்றார் கிரெய்க்.

"அனுப்புறதுக்கு முன்னால யாராவது படிச்சுப் பார்ப்பீங்கல்ல?"

"படிக்கிற எடிட்டருங்க ரெண்டு பேரையும் உறைப் பிரிவுக்கு மாத்திட்டோம். இருபத்திரண்டு பக்கம், வியாழக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க. எடை மட்டும் சரியா இருக்கணும். உறை போடுற மெஷின் எடையைப் பார்த்துத்தான் மூடுது."

முப்பத்தொரு வருடத்தில் அந்த மாடியில் மோரிக்குக் கிடைத்த முதல் கருத்துச் சுதந்திரம் அது. நேராக ரயிலேறி அஸ்டோரியாவுக்கு, ரோஸ் ஸ்கலீசின் வீட்டுக்குப் போனார்.

ரோஸ், வீட்டோவின் மனைவி. ட்ரைபரோவின் கதைகளுக்குப் பேச்சுக் குமிழ்களில் எழுத்து எழுதுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து, வீட்டோ 1963இல் வரைந்த ஓர் இதழின் நகல்களை எடுத்துப் போட்டாள். குமிழ்களில் இருந்த பழைய வசனத்தின் மேல் வெள்ளை பூசினாள். மோரி புதிய வசனம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

ஓடக்காரன் நடு ஆற்றில் துடுப்பைக் கீழே வைக்கிறான். வாசகரைப் பார்த்துத் திரும்புகிறான். தன்னைப் பெற்றவர்கள் வீட்டோ ஸ்கலீஸ், மோரி டூப்ரோ என்கிறான். மூன்றாம் பக்கத்தில் காசோலை முத்திரையை விளக்குகிறான். பதினோராம் பக்கத்தில் சங்கத்தின் ஒன்பது கோரிக்கைகள். ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டோவின் பெயர். கடைசிப் பக்கத்தில், பெயர் போடும்வரை ஓடம் ஓடாது என்று அறிவித்துக் கைகட்டி உட்கார்ந்துவிடுகிறான். மூழ்குகிறவர்கள்கூட அவனை ஆதரித்துக் கை தூக்குகிறார்கள்; வீட்டோ வரைந்தபோது அவர்கள் உதவி கேட்டுத்தான் தூக்கியிருந்தார்கள்.

ரோஸ் நடுவில் ஒருமுறை பேனாவை வைத்தாள்.

"யோவ் மோரி, இவ்வளவு வருஷத்துல வீட்டோ பேரை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கேன். கல்லறைக் கல்லுக்கு."

"இப்ப பதினொரு லட்சம் தடவை எழுதுற. கை வலிச்சா சொல்லு," என்றார் மோரி.

எடை சரியாக இருந்தது. மெஷின் மூடியது.

ஜூன் மாதத்துப் புதன்கிழமை காலை அஸ்டோரியாவில் கஸ் பாப்பாஸ் என்பவரின் படக்கதைக் கடை வாசலில் வரிசை தெருமுனைவரை நின்றது. மோரி எதிரே நின்று பார்த்தார். ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டு வந்திருந்தார். ஒரு பல் மருத்துவர் ஐந்து அட்டையிலும் இரண்டிரண்டு வாங்கினார். முன்பெல்லாம் படிக்க ஒன்று, பாதுகாக்க ஒன்று என்று வாங்குவார்கள். இப்போது பாதுகாக்க ஒன்று. அது கெட்டுப்போனால் பாதுகாக்க இன்னொன்று.

அன்றைக்குக் கொந்தளிப்பு எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மோரி கடைக்குள் போய், ஒரே ஒரு பிரதியைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்க்கும்படி கஸ்ஸிடம் கேட்டுக்கொண்டார். கஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார்.

"தலைவரே, நீங்க சொன்னா வேலைநிறுத்தத்துக்கு வருவேன். ஜெயிலுக்கும் வருவேன். இதை மட்டும் கேக்காதீங்க. உறை பிரிஞ்சா அது வெறும் புத்தகம்."

உள்ளே ஏதோ விவகாரமான விஷயம் இருக்கிறது என்று மோரியே ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். செய்தி நன்றாகப் பரவியது. சேகரிப்பாளர்களின் பத்திரிகை அதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டு, உள்ளே தவறு உள்ள இதழ்கள் அரியவை, எக்காரணம் கொண்டும் பிரிக்கவேண்டாம் என்று எச்சரித்தது. விலை மூன்று மடங்கானது.

பதினொரு லட்சம் பிரதியில் ஒன்றையாவது யாரும் பிரிக்காமலா இருப்பார்கள்? ஒருவர் பிரித்தார். டுலூத் நகரத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. இதழை முழுக்கப் புரட்டியதாகவும், நடுப்பக்கத்தின் ஸ்டேப்ளர் பின் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பது தமக்குப் பெரும் வேதனை அளித்ததாகவும் எழுதியிருந்தார்.

கடைசியில் கிரெய்க் கூப்பிட்டனுப்பினார். மோரி சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனார். வேலையைவிட்டு நீக்கும்போது சொல்லவேண்டிய பதிலை 1974லிருந்தே தயாராக வைத்திருந்தார். கிரெய்க் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"தங்க அட்டையில ரெண்டாம் பதிப்பு போடுறோம். உள்ள ஏதோ வம்பு இருக்குன்னு பேசிக்கிறாங்களே, அதுதான் விற்குது. சட்டப் பிரிவுகிட்டயும் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பிரிச்சுப் பார்த்தா நமக்குத் தெரிஞ்சதா ஆயிடும். பிரிக்காதவரைக்கும் நமக்குத் தெரியாது. அதனால ஆபீஸ் பிரதியை அப்படியே பெட்டகத்துல வச்சுட்டோம்."

"உள்ள என்ன இருக்குன்னு நானே சொல்றேன். வீட்டோ ஸ்கலீஸ்னு ஒருத்தர்…"

கிரெய்க் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, கதையைச் சொல்லிடாதீங்க மோரி. நானே சொந்தக் காசுல ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்."

எழுத்தாளருக்கான பிரதி என்று வெள்ளி அட்டை போட்ட ஒன்றை அவர் மோரியின் கையில் கொடுத்தனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை, மாதா கோயில் ஒன்றின் நிலவறைக் கூடத்தில் படக்கதைத் தொழிலாளர்களின் கூட்டத்தை மோரி கூட்டினார். அவரையும் சேர்த்துப் பதினொரு பேர் வந்தார்கள். மடக்கு நாற்காலியின் மேல் ஏறி நின்று வெள்ளி அட்டை இதழைத் தூக்கிக் காட்டினார். நிறுவனம் தன் தாளில், தன் மையில் நம் கோரிக்கைகளை அச்சிட்டிருக்கிறது, இதோ எல்லார் முன்னாலும் பிரிக்கிறேன் என்றார்.

கூடம் பதறிவிட்டது. முன்வரிசையில் இருந்த, பென்சில் கோடுகளின் மேல் மை தீட்டும் ஓவியர் எழுந்து, அது வெள்ளி அட்டைதானா என்று கேட்டார். அதுதான் என்றதும் நாலுபேர் நாற்காலியைச் சுற்றி வந்து மோரியின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் அனல்பறக்க விவாதம் நடந்தது. வரலாற்று ஆவணமாகிய இவ்விதழை எந்தச் சூழ்நிலையிலும் பிரிப்பதில்லை என்ற தீர்மானம் ஒன்பதுக்கு இரண்டு என்ற வாக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் மோரியும் ரோஸும் மட்டுமே. சங்கத்தின் வரலாற்றில் நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். மோரி அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

எல்லாரும் போனபிறகு ரோஸ் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"தீர்மானம் கிடக்குது. வெட்டு. வீட்டோ பேரைப் பார்க்கணும்."

மோரி கத்தரிக்கோலை வாங்கினார். உறையின் ஓரத்தில் வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் இதழைச் சற்றே சாய்த்துப் பார்த்தார். நான்கு மூலையும் கத்தி முனைபோல் இருந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் தன் கதை எதையும் உலகம் இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை என்று தோன்றியது.

"ரோஸ், நாளைக்குச் சாதா அட்டையில ஒண்ணு வாங்கி அதை வெட்டுவோமா? இது… மூலையைப் பாரேன், எப்படி இருக்குன்னு."

ரோஸ் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"சாதா அட்டை எங்கிட்டயே ரெண்டு இருக்கு," என்றாள். "வந்த அன்னிக்கே வாங்கிட்டேன். வீட்டோவோட கம்பளிச் சட்டைக்கு அடியில வச்சிருக்கேன்."

"அப்ப நீ பார்த்துட்டியா, அவன் பேரை?"

"பைத்தியமா உனக்கு? பிரிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

இருவரும் வெளியே வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மோரி கோட்டைக் கழற்றி இதழைச் சுற்றிக்கொண்டார். ஈரம்தான் முதல் காரணி என்பது சுற்றறிக்கையிலேயே இருந்தது.